முந்திரி ஆலைப் பெண்களின் ஓய்வூதியம்

ஆசிரியருக்கு,

குமரி மாவட்ட முந்திரி ஆலைப் பெண்களுக்கு 58 வயதில் வரும் பிஎஃப் ஓய்வூதியம் மருந்துக்கே பற்றாது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. சராசரி 9,000 ரூபாய், பணி 14 ஆண்டு என்றால் மாதம் 1,800. விலைவாசி ஏறினாலும் இது ஏறாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தது பத்தாண்டு கடந்தும் அப்படியே கிடந்தது.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். ஆலை மாறும்போது படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். மகள் கல்யாணம், வீட்டு மராமத்து; அவசரம் புரிகிறது. ஆனால் அதுவரை பார்த்த பணிக்காலம் அழிந்துவிடும். மொத்தம் 10 ஆண்டு தேறாவிட்டால் மாத ஓய்வூதியமே கிடையாது. அதே படிவத்தில் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் (அதுவரையிலான பணிக்காலத்தைக் காக்கும் சான்றிதழ்) கேட்கலாம். அல்லது யுஏஎன் எனப்படும் பழைய பிஎஃப் உறுப்பினர் எண்ணையே புதிய ஆலையில் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுகள் தொடர்ந்து சேரும். ஆதாரிலும் பிஎஃப் பதிவிலும் இனிஷியல், பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்பதை வேலையில் இருக்கும்போதே சரிபார்ப்பது நல்லது.

ஓய்வூதியத்தை 50 வயதிலேயே வாங்கலாம்தான். 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வீதம் ஆயுள் முழுக்கக் குறைவாகவே வரும். நாகர்கோவில் பிஎஃப் அலுவலகம் சம்பள நாளில் ஆலை வாசலிலேயே முகாம் போட்டு இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்