கோமதிக்கு, மாம்பலத்திலிருந்து

மேற்கு மாம்பலம், சென்னை
ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் பேனா ஓடவில்லை. "பையன் ஓ.எம்.ஆர். பக்கம் பெரியவர்களுக்கான குடியிருப்பில் ஒரு வீடு வாங்கித் தருகிறேன் என்கிறான், வந்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். "வா" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஐம்பது வருடத்துக்கு அப்புறம் நீயும் நானும் ஒரே ஊரில் இருக்கலாம். அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்கு நாலு நாள் ஆயிற்று.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். இவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கை நடுக்கம் மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் நடக்கும்போது, அதுவும் வாசற்படி வரும்போது, கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் காலையில் அயோத்தியா மண்டபம் வரை போய்ப் பேப்பரும் கீரையும் வாங்கி வந்த மனிதர், இப்போது வாரத்துக்கு ஒரு தடவை இறங்கினால் பெரிது. கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை திறந்தார்களே, 200 படுக்கை, அங்கேதான் காட்டுகிறோம். போன முறை அந்த டாக்டர் அவசரமே படாமல், "எப்படிக் குளிக்கிறீர்கள், ராத்திரி எழுந்தால் யார் கூட வருகிறார்கள், வீட்டில் எத்தனை படி?" என்று கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் என் முகத்தையே பார்த்தார். அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது வேறு இடம் பார்த்தாக வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது.

அதனால் மூன்று மாதமாக இதுவே வேலை. கேளம்பாக்கம், தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருவள்ளூர்ப் பக்கம் என்று ஐந்து இடம் பார்த்துவிட்டேன். பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் என் பெரியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாஸ்டலுக்கு முறுக்கு டப்பாவோடு வருவாளே, அவளேதான்.

அக்காவும் அத்தானும் பத்து வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கிப் போனார்கள். தோட்டம், நடைபாதை, சாயங்காலம் பஜனை, வாரம் ஒரு நாள் டாக்டர். அத்தான் அங்கே கேரம் விளையாடியே பத்து வயது குறைந்துவிட்டார். ஏழு வருடம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அப்புறம் அத்தான் போய்விட்டார். மறு வருடம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி இருபது நாள்கூட ஆகவில்லை. ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, "தானாக நடமாட முடியாதவர்களை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை அம்மா, நீங்களே ஆள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் பதினாலாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. அக்காவும் படிக்கவில்லை, அத்தானும் படிக்கவில்லை, கூடப் போன நானும் படிக்கவில்லை.

பகலுக்கு ஓர் ஆள், ராத்திரிக்கு ஓர் ஆள் வைத்துப் பார்த்தோம். மாதத்துக்கு ஒருத்தர் நின்றுபோனார்கள். கடைசியில் 79 வயதில் அக்கா ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போனாள், முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையில். அந்த வீட்டை விற்கவும் லேசில் முடியவில்லை. வாங்குகிறவருக்கு 55 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பதினாலு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டினோம். ஆனால் அக்கா பணத்துக்காக அழவில்லை கோமதி. "எதிர்வீட்டு மாமி தினமும் நாலு மணிக்குக் காபியோடு வருவாள், இப்போது யாருக்குப் போடுகிறாளோ" என்று சொல்லித்தான் அழுதாள்.

அதற்கப்புறம் நான் எந்த இடத்துக்குப் போனாலும் தோட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: "நான் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" கேட்டவுடனே அவர்கள் முகத்தைப் பார். ஓரிடத்தில், "அதெல்லாம் எதற்கு அம்மா இப்போது, நீங்கள் ஆரோக்கியமாக இருப்பீர்கள்" என்று சிரித்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இன்னோர் இடத்தில் ஒரு நர்ஸ் பெண் என் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போய், படுக்கையில் இருப்பவர்களுக்கென்று வைத்திருக்கும் எட்டு அறையைத் திறந்து காட்டினாள். நாற்றம் இல்லை. ஒரு பாட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள்.

பெயர்ப் பலகையில் எல்லாரும் 'சீனியர் லிவிங்' என்றுதான் எழுதுகிறார்கள், உள்ளே இருப்பது வேறு வேறு சமாச்சாரம். ஒரு வகை, உன்னைப் போல நடமாடுகிறவர்களுக்கு. தனி வீடு, பொதுச் சாப்பாட்டுக் கூடம், வீடு பெருக்க ஆள், குழாய் கெட்டால் பார்க்க ஆள், குளியலறையில் அழுத்த ஒரு மணி. அவ்வளவுதான். இன்னொரு வகை, குளிக்க, உடுத்த, மாத்திரை எடுக்க ஒரு கை தேவைப்படுகிறவர்களுக்கு. இதை அசிஸ்டட் லிவிங் என்கிறார்கள். மூன்றாவது வகை, மறதி நோய்க்காரர்களுக்கு. அவர்களைப் பார்த்துக்கொள்வது தனி வேலை. அதற்குப் பழகிய ஆட்கள் வேண்டும், வெளியே போய்விடாதபடி வாசல் வேண்டும். ஒன்றாம் வகையில் மூன்றாம் வகை ஆளைக் கொண்டுவிட்டால் இரண்டு பக்கமும் கஷ்டம். உன் பையன் எந்த வகையைப் பார்த்திருக்கிறான் என்று கேள். ஒரே வளாகத்துக்குள் முதல் வகையும் இரண்டாம் வகையும் இருந்தால்தான் நல்லது என்பேன். கட்டடம் மாறினாலும் காபிக்கு வருகிற மாமி மாற மாட்டாள்.

பத்திர விஷயத்தை உன் பையனிடம் அப்படியே வாசித்துக் காட்டு. புதிதாகக் கட்டுகிற இடம் என்றால், வீடு கட்டி விற்கிறவர்களைக் கண்காணிக்கும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016ஆம் வருடச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன்னால் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019ல் இந்த மாதிரி குடியிருப்புகளுக்கென்று ஒரு முன்மாதிரி வழிகாட்டி வெளியிட்டது. பில்டர், அங்கே சாப்பாடும் பராமரிப்பும் நடத்துகிறவர், வாங்குகிறவர் ஆகிய மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அது. வீட்டை விற்ற கையோடு பில்டர் கிளம்பிவிட்டால், சமையலுக்கும் நர்ஸுக்கும் யாரைக் கேட்பது? அதற்குத்தான்.

வாங்காமல் வாழ்நாள் குத்தகைக்கும் கொடுக்கிறார்கள். பெரிய டெபாசிட் கட்ட வேண்டும், காலி செய்யும்போதோ நம் காலத்துக்கு அப்புறமோ திருப்பித் தருவார்கள். எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், எத்தனை நாளுக்குள் தருவார்கள், அடுத்த ஆள் வந்தால்தான் தருவார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அப்புறம், மாதக் கட்டணம் வருடா வருடம் எவ்வளவு ஏறும் என்பதையும் கேட்டுவிடு. உன் பென்ஷன் ஏறுகிற வேகத்தை மீறி அது ஏறாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் எழுதுகிறேன். பாளையங்கோட்டை வீட்டைப் பையன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்கிறாய். அவன் நல்ல பிள்ளை, நான் தூக்கிக் கொஞ்சியவன். இருந்தாலும் இப்போது எழுதாதே. எழுதத்தான் போகிறாய் என்றால், கடைசிவரை உன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல். 2007ஆம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும். அவன் தப்பாக எடுத்துக்கொண்டால் என் மேல் பழியைப் போடு.

இடம் பார்க்க வரும்போது மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வா. காசு கொடுத்து டோக்கன் வாங்கி அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. நமக்கு ஹாஸ்டல் ஞாபகம் இருக்கிறதே, ரசம் தண்ணியாக இருந்ததா என்பதா நமக்கு முக்கியமாக இருந்தது? பெஞ்சின் அந்தக் கோடியில் நீ உட்கார்ந்திருந்தாயா என்பதுதானே. நான் போன ஓரிடத்தில் கூடம் பளபளவென்று இருந்தது, நாற்பது பேர் சாப்பிட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. தாம்பரம் பக்கத்து இடத்தில் ஒரு தாத்தா என் தட்டைப் பார்த்துவிட்டு, "அவியல் இன்னொரு கரண்டி கேளும்மா, புதன்கிழமை மட்டும்தான் நன்றாகச் செய்வார்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மழைக்காலத்தைப் பற்றியும் விசாரித்துவிடு. 2015ல் முடிச்சூர் எப்படி மிதந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை எப்படி இருந்தது என்று டிவியில் நீயே பார்த்தாய். தண்ணீர் வந்ததா என்று மேனேஜரிடம் கேட்டுப் பயனில்லை, எதிரில் இருக்கும் டீக்கடையில் கேள். ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் சேர்த்துத்தானா, எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேள். அந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று நீயே உள்ளே நின்று பார். வாசலில் பஸ் நிற்கிறதா என்பதும் எனக்கு முக்கியம். சென்னையில் அறுபது வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. பஸ் வராத இடத்தில் அதை வைத்து என்ன செய்வது? ஊருக்கு வெளியே நல்ல காற்று என்று ஆறு கிலோமீட்டர் உள்ளே போய் உட்கார்ந்தால், பார்க்க வருகிறவர்களும் குறைந்துவிடுவார்கள்.

நாங்கள் அந்தத் தாம்பரம் பக்கத்து இடத்துக்கே போவதாக முடிவு செய்திருக்கிறோம். வாங்கவில்லை, வாடகைக்குத்தான். மாம்பலம் வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவோம். எட்டு அறை காட்டிய நர்ஸ் பெண் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் முடிவு செய்யவைத்தது இவர் கேட்ட ஒரு கேள்வி. பார்த்துவிட்டுக் காரில் திரும்பும்போது, பல்லாவரம் தாண்டும்வரை பேசாமலே வந்தவர், "நான் போனதுக்கு அப்புறமும் நீ அங்கே இருப்பாயா?" என்று கேட்டார். அதுவரை நான் இவருக்காகவே இடம் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அடுத்த புதன்கிழமை தனியாக அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிவரை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் வந்து பேசினார்கள். வீட்டுக்கு வந்து, "இருப்பேன்" என்று சொன்னேன்.

இப்போது உன் விஷயம். "ராத்திரி கதவைத் தாழ் போட்டதும் வீடு பெரிதாகிவிடுகிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். கால் நன்றாக இருக்கிறது, சமைக்கிறாய், பால்காரர் முதல் பூக்காரம்மா வரை அங்கே எல்லாரும் உனக்குத் தெரிந்தவர்கள். உன் பயம் ராத்திரியைப் பற்றியது. அதற்காக அவசரப்பட்டு வீடு வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். பையன் லீவு முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று நெருக்கினாலும் வேண்டாம். பல இடங்களில் பணம் கட்டி ஒன்றிரண்டு வாரம் தங்கிப் பார்க்க விடுகிறார்கள். அவன் சொன்ன ஓ.எம்.ஆர். இடத்தில் ஒரு வாரம், எங்கள் தாம்பரம் இடத்தில் ஒரு வாரம் இருந்து பார். இரண்டும் பிடிக்கவில்லையா, நெல்லைக்கே போய், ராத்திரித் துணைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். அதில் எனக்கு ஏமாற்றம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் கோபம் இருக்காது.

பொங்கல் கழிந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறு. எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கிவிடு. பி.பி. மாத்திரைச் சீட்டையும் கண் ஆபரேஷன் ரிப்போர்ட்டையும் எடுத்து வா, தங்குவதற்கு முன்னால் கேட்கிறார்கள். இவரைப் பார்த்துக்கொள்ள மருமகள் ஒரு வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த முதல் வாரம் நானும் உன்னோடு தங்குகிறேன். தேதியை மட்டும் போனில் சொல், இரண்டு கட்டில் போட்ட அறையாகக் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
சரசு