பள்ளம் யாருக்குத் தெரிந்திருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மோசமான சாலையால் நேரும் கார் விபத்துகளுக்காகத் தொடரப்படும் வழக்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளம் இருந்தது, வண்டி கவிழ்ந்தது, இழப்பீடு கிடைத்தது என்று மூன்றே வரியில் முடிகிற சங்கதி போல எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு சுலபமில்லை.

பள்ளம் இருந்ததா என்பதில் பெரும்பாலும் தகராறே வராது. அது அங்கே இருப்பது சாலையைப் பராமரிப்பவர்களுக்கு முன்பே தெரியுமா, தெரிந்தபின் சரிசெய்ய அவகாசம் இருந்ததா என்பதில்தான் இழுபறி. நியூயார்க் நகரம் 1979-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. குறையைப் பற்றி எழுத்தில் தகவல் வந்து, 15 நாட்களுக்குள் சரிசெய்யாமல் விட்டால்தான் நகர நிர்வாகம் பொறுப்பு. வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? 1982-இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, ஆட்களைத் தெருத்தெருவாக அனுப்பி, நடைபாதை விரிசல்வரை வரைபடத்தில் குறித்து நிர்வாகத்திடமே கொடுத்துவிட்டார்கள். இனி ‘எங்களுக்குத் தெரியாதே’ என்று எப்படிச் சொல்வது! குறும்புதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு பராமரிப்பைக் கடமையாக்குகிறது. நியாயமான அக்கறை எடுத்துக்கொண்டோம் என்று நிரூபித்தால் 58-ஆம் பிரிவில் தப்பிக்கலாம். ஆக, எந்தத் தேதியில் போய்ப் பார்த்தார்கள், என்ன எழுதி வைத்தார்கள் என்று ஆய்வுப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியதுதான்.

பள்ளம் மட்டுமா? வளைவில் தப்பான சாய்வு, தேங்கி நிற்கும் மழைநீர், கிளை மறைத்த ‘நில்’ பலகை, தார் விளிம்பை விட்டுச் சட்டென்று இறங்கும் மண் ஓரம், எல்லாமே வழக்குக்கு வருபவைதான். ஓட்டியவர் வேகமாக வந்திருந்தால் பல நாடுகளில் அந்த அளவுக்கு இழப்பீட்டில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், கெடு. அரசுத் துறை மீது கோரிக்கை வைக்கக் கலிபோர்னியாவில் காயம்பட்டவருக்கு 6 மாதம், நியூயார்க்கில் 90 நாள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு நாள் ஓடுவது தெரியுமா? அதற்குள் பள்ளத்தை மூடிவிடுவார்கள். மூடுவது நல்லதுதான், வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் அளவுகோல் வைத்து எடுத்த ஒரு படம்கூட இல்லையென்றால் வக்கீல் கையை விரிப்பார்.

அடுத்த முறை எழுதும்போது, சாலைக் குறையை எழுத்தில் புகார் செய்து அத்தாட்சி வாங்குவது எப்படி என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். யாரோ என்றோ எழுதிப்போட்ட புகார்தான் பல வழக்குகளில் அடிபட்டவருக்குச் சாட்சியாக நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்