எடைக்கும் ஒரு நிரல் போடுங்கள்: கொழும்பில் கேம்பர் கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கெப்களையும் வேன்களையும் சிறிய லொறிகளையும், உள்ளேயே தங்கிச் சமைத்துப் பயணம் போகும் கேம்பர்களாக மாற்றித் தரும் கொழும்பு, புறநகர் கராஜ் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் மெக்கானிக் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அதில் எந்த நிரல் விடுபட்டிருக்கிறது என்று கண் தானாகத் தேடும். அந்தத் தொழில் நோய்தான் இந்த மடலை எழுதவைத்தது.

உங்களில் ஒருவர் எனக்கு ஒரு கேம்பர் கட்டித் தந்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர், மரவேலையில் கைதேர்ந்தவர், சொன்ன திகதிக்கு இரண்டு வாரம் மட்டுமே பிந்தினார். 1980களின் சிங்கிள் கெப் ஒன்றின் பின்பெட்டியைக் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டம் அடித்து, அலுமினியத் தகடு போர்த்தி, உள்ளே கட்டில், அலுமாரி, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தார். வண்டியை ஒப்படைத்த அன்று பின்சக்கரங்களைத் தட்டிக்காட்டி, "பின்னால் நாலு டயர் போட்டிருக்கிறேன் ஐயா, இனி எந்த மலைக்கும் பயமில்லாமல் போகலாம்" என்றார். நானும் நம்பினேன். இரண்டை நாலாக்கினால் பலம் இரட்டிப்பு என்று கணக்காளனுக்கே தோன்றும்போது அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

நுவரெலியாவுக்குப் போகும் வழியில் கித்துல்கலையில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். பக்கத்தில் நின்ற லொறிச் சாரதி ஒருவர் தேநீர்க் குவளையோடு என் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து வலப்பக்கப் பின்சக்கரத்தின் உட்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, விரலை மோந்துவிட்டு என்னிடம் நீட்டினார். பின்னச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியின், அதாவது டிபரன்சலின், எண்ணெய் வாடை. கினிகத்தேனை ஏற்றத்தை இந்தச் சக்கரத்தோடு ஏறவேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். வீதியோரக் கராஜ் ஒன்றில் சக்கரத்தைக் கழற்றி எக்சலை, அதாவது அச்சுக் கூட்டுக்குள் இருந்து சக்கரத்தைச் சுழற்றும் இரும்புக் கம்பியை, வெளியே இழுத்தார்கள். எண்ணெய் சீல் போயிருந்தது. அதைவிடப் பெரிய சேதி, பேரிங்குக்கு வெளியே, சக்கரம் பூட்டும் தட்டை ஒட்டி, மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. சாயம் பூசித் துடைத்து மேலே வெள்ளைப் பொடி தெளித்தபோது அந்த இடம் குங்குமக் கோடு இட்டதுபோல் சிவந்தது. வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு அந்தக் கோடு ஓடியிருந்தது. இன்னும் எத்தனை வளைவு தாங்கியிருக்கும் என்று கராஜ்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக உங்கள் நண்பர் தந்த மதிப்பீட்டுத் தாளை எடுத்தேன். 41 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எண்ணிக்கை, அலகு விலை, மொத்த விலை. கதவுக் கொண்டிக்குக்கூட விலை இருந்தது. எடைக்கு மட்டும் நிரல் இல்லை.

அந்த நிரலை நானே போட்டேன். 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள எட்டுக்கு நான்கு ஒட்டுப்பலகை ஒன்று 30 கிலோவுக்குக் குறையாது. எனக்குப் பத்துப் பலகை. தண்ணீர் 80 லீற்றர் என்றால் 80 கிலோ, இதில் பேரம் பேச இடமில்லை. ஈயப் பற்றரி இரண்டு சேர்ந்து 55 கிலோ. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், அதன் இரும்புக் கூட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய அதன் இருமடங்கு. குளிர்சாதனப் பெட்டி, கூரையில் ஒரு குளிரூட்டி. இரும்புச் சட்டத்தையும் தகட்டையும் சேர்க்காமலே அரை டன்னைத் தாண்டிவிட்டது. மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். பலகை வாங்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

இனி எடையைவிட மோசமான விடயம், அது வைக்கப்பட்ட இடம். என் வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே இரண்டரை மீற்றர். தண்ணீர்த் தொட்டியும் பற்றரிகளும் பின்னச்சுக்கு ஒன்றரை மீற்றர் பின்னால் தொங்கும் பகுதியில். ஏற்றப்பலகை விளையாடிய எந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கைச் செய்யும். அங்கே வைக்கும் 100 கிலோ பின்னச்சில் 160 கிலோவாக இறங்குகிறது. முன்சக்கரங்களிலிருந்து 60 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின்னால் சுமை ஏறுகிறது, முன்னால் ஸ்டியரிங்கின் பிடி குறைகிறது. இறக்கங்களில் என் வண்டி ஏன் மிதப்பதுபோல் இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

எடைப்பாலத்துக்குப் போனேன். தொட்டி நிறையத் தண்ணீர், டாங்கி நிறைய டீசல், வீட்டார் எல்லோரும் உள்ளே. முதலில் முழு வண்டி, பிறகு முன்சக்கரங்கள் மட்டும், பிறகு பின்சக்கரங்கள் மட்டும். பின்னச்சுக்கு உற்பத்தியாளர் விதித்த உச்சத்தை 340 கிலோவால் தாண்டியிருந்தோம். வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பழி கடைசியில் என் மனைவியின் அம்மிக்குப் போனது. அது 11 கிலோ மட்டுமே என்பதைப் பதிவுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

இது நம் ஊரில் மட்டும் நடந்த கூத்து என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, டொயோட்டாவின் சிறிய கெப் அடிச்சட்டத்தின்மேல் பல கட்டுநர்கள் குட்டிக் கேம்பர்களைக் கட்டி விற்றார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் டொல்பின். நாம் இங்கே டொல்பின் என்றால் ஹையேஸ் வேனை நினைப்போம். அங்கே அது கேம்பர். பெட்டி பெரிதாகிக்கொண்டே போனதும், நீங்கள் எனக்குச் செய்ததையே அவர்களும் செய்தார்கள்: இலேசான சுமைக்கென்று செய்த, ஐந்து ஸ்டட் (சக்கர நட்டு முறுக்கும் திருகாணி) கொண்ட அச்சிலேயே பக்கத்துக்கு இரண்டு சக்கரம் பூட்டினார்கள். எக்சல்கள் முறிந்து, ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரங்கள் கழன்றன. வீதிப் பாதுகாப்பு அதிகாரிகள் தலையிட்டு, வண்டிகளைத் திரும்ப அழைத்து அச்சையே மாற்றிக் கொடுக்கும் நிலை வந்தது. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தவற்றில் ஒரு டன் வகுப்பைச் சேர்ந்த, ஆறு ஸ்டட் கொண்ட முழுமிதவை அச்சு வந்தது. அந்தப் பழைய வண்டிகளை இன்றும் வைத்திருப்பவர்கள் வாங்குமுன் முதலில் எண்ணுவது சக்கரத்து நட்டுகளைத்தான்.

முழுமிதவை, அரைமிதவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வாடிக்கையாளருக்கு நீங்கள் ஒருநாளும் சொல்வதில்லை, ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். அரைமிதவை அச்சில் சக்கரம் நேரே எக்சலில் பூட்டப்பட்டிருக்கிறது. இடுப்பில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டே மாவும் இடிக்கச் சொன்னதுபோல, அந்த ஒரே கம்பி வண்டியைத் தாங்கவும் வேண்டும், சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும். பேரிங்குக்கு வெளியே அது முறிந்தால் சக்கரமும் பிரேக் டிரம்மும் சேர்ந்தே போய்விடும். முழுமிதவையில் சக்கரத்தின் குடம் (ஹப்) அச்சுக் கூட்டின் முனையில் இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. சுமை அச்சுக் கூட்டுக்கு, சுழற்றும் வேலை மட்டும் எக்சலுக்கு. எக்சல் முறிந்தால் வண்டி நிற்கும். சக்கரம் தன் இடத்தில் இருக்கும். அடையாளம் காண்பதும் எளிது. சக்கரத்தின் நடுவே கிண்ணம்போல் ஒன்று வெளியே நீட்டி, அதன் முகத்தில் வட்டமாக போல்ட்டுகள் இருந்தால் பெரும்பாலும் முழுமிதவை.

அப்படியானால் நாலு டயர் என்ன செய்தது? டயரின் தாங்குதிறனைக் கூட்டியது, அது உண்மை. அச்சின் தாங்குதிறன் ஒரு கிலோகூட ஏறவில்லை. போதாததற்கு, இரட்டைச் சக்கரத்துக்காக வைத்த இடைத்தட்டு சுமையின் புள்ளியைப் பேரிங்கிலிருந்து வெளியே தள்ளி நெம்புகோலை நீட்டிவிட்டது. சக்கரம் ஒருமுறை சுற்றும்போது எக்சலின் ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நெரிபடுகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து முறிப்போமே, அதே வேலைதான். என் டயருக்கு ஒரு கிலோமீற்றருக்கு 490 சுற்று. இங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 2 லட்சம் வளைவு. நாற்பது வயதுக் கம்பிக்கு.

கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்பக்கம் தாழ்ந்திருப்பதுதான் வண்டி நமக்குத் தரும் ஒரே முறைப்பாடு. பட்டை சேர்த்து நிமிர்த்திவிட்டால் அந்த வாயையும் அடைத்துவிடுகிறீர்கள்.

அச்சை மாற்றலாம். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத உதிரிப்பாகம் எது? சிறிய லொறி ஒன்றின் முழுமிதவை அச்சைத் தேடி எடுப்பது கடினமல்ல. கொண்டுவந்து பொருத்துவதில்தான் வேலையே இருக்கிறது. லொறியின் டிபரன்சல் விகிதம் வேறு. பற்சக்கரத்தைக் கவனிக்காமல் போட்டால் தட்டையான வீதியில் இயந்திரம் கத்திக்கொண்டே ஓடும். ஸ்பிரிங் இருக்கைகளின் இடைவெளி வேறு. வெட்டி ஒட்டும்போது, இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுவரும் புரொப்பலர் ஷாஃப்டோடு சேரும் கோணம் பிசகினால் அதன் மூட்டான யுனிவேசல் ஜொயின்ட் சீக்கிரம் தேயும். பெரிய பிரேக் டிரம்முக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் போதுமான எண்ணெய் தள்ளுமா, கைப்பிரேக் கேபிள் எட்டுமா, சுமைக்கேற்பப் பின்பிரேக்கை அளக்கும் வால்வு பழைய வண்டியின் கணக்கிலேயே நிற்கிறதா என்பதையெல்லாம் பார்க்கவேண்டும். ஒட்டுவேலையை நல்ல கைகாரரிடம் கொடுங்கள். அச்சுக் கூடு வெப்பத்தில் வளைந்தால் பேரிங் மன்னிக்காது. பழைய அச்சு என்பதால் பேரிங்கும் சீலும் புதிதாகவே போடவேண்டும். இதை எழுதிய என் கை உங்களுக்குப் பாடம் நடத்துவதாக நினைக்கவேண்டாம். எனக்கு அச்சு மாற்றித் தந்த வயதான மெக்கானிக் ஒருவர் மூன்று நாள் சொன்னதைக் குறித்துவைத்தேன், அவ்வளவுதான்.

அச்சு மாற்றக் காசில்லாதவருக்கும் வழி இருக்கிறது: எடையைக் குறையுங்கள். 18 மில்லிமீற்றர் பலகைக்கு 9 போதுமான இடங்கள் என் வண்டியிலேயே ஏழு இருந்தன. ஈயத்துக்குப் பதில் லிதியம் பற்றரி வைத்தால் அந்த வரியில் பாதி எடைக்கு மேல் போய்விடும். விலை கூடும், ஒப்புக்கொள்கிறேன். பெரிய சிலிண்டருக்குப் பதில் 5 கிலோ சிலிண்டர். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு முன்னால் நகர்த்துவதற்குக் குழாய்ச் செலவு மட்டுமே. இவ்வளவும் செய்த பிறகும் அச்சின் உச்சத்துக்குக் கீழே வராத வண்டியைக் கட்டித் தரமாட்டேன் என்று சொல்லும் துணிவும் உங்களுக்கு வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். நானும் சுளித்திருப்பேன்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் இரும்புக் கடைக்குப் போகவேண்டிய வண்டிகளெல்லாம் பொன்னாயின. வாடிக்கையாளர் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் நீங்கள் கட்டுகிறீர்கள். ஆண்டுதோறும் இந்த வண்டிகள் புகைப் பரிசோதனைக்குப் போகின்றன; அந்தக் கருவி குழாயின் முனையைப் பார்க்கும், அச்சைப் பார்க்காது. ஆகவே அச்சை முதலும் கடைசியுமாகப் பார்க்கும் மனிதர் அநேகமாக நீங்கள்தான்.

நான் கேட்பது பெரிதல்ல. கட்டத் தொடங்குமுன் இரண்டு பின்சக்கரங்களையும் கழற்றி எக்சலை வெளியே எடுத்து, சாயம் பூசிப் பாருங்கள். அரைநாள் வேலை, அதற்கும் காசு வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுத் தாளில் விலைக்குப் பக்கத்தில் கிலோ என்று ஒரு நிரல் போடுங்கள். ஒப்படைக்குமுன் எடைப்பாலத்தில் ஏற்றி, முன், பின், மொத்தம் என்ற மூன்று எண்களையும், அச்சுக்கு விதிக்கப்பட்ட உச்சத்தையும் எழுதி ஒப்பமிட்டுக் கொடுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பழைய எடை இனிப் பொய் என்பதையும், மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும் என்பதையும் வாய்திறந்து சொல்லுங்கள். நீண்ட பயணத்தில் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மற்றதைவிடக் கூடச் சுட்டால், நட்டிலிருந்து துருக்கோடு இறங்கியிருந்தால், உள் டயரில் எண்ணெய் மினுங்கினால், அங்கேயே நிற்கவேண்டும். கித்துல்கலையில் எனக்கு வாய்த்த லொறிச் சாரதி எல்லோருக்கும் வாய்க்கமாட்டார்.

வெடித்த எக்சல் வெள்ளவத்தையில் என் வீட்டு வராந்தாவில் கிடக்கிறது. அந்தச் சிவப்புக் கோட்டை நான் துடைக்கவில்லை. உங்களில் யாருக்கேனும் பார்க்க விருப்பமானால் வாருங்கள், தேநீர் தருகிறேன். வரும்போது உங்கள் வெற்று மதிப்பீட்டுத் தாள் ஒன்றையும் கொண்டுவாருங்கள். எடை நிரலுக்கு எங்கே கோடு போடுவது என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்