நீ விளக்குக்கு ஊற்றிய எண்ணெய்

பலெர்மோ,
கார்த்திகை 23

மச்சான் குணா,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குக் கத்தானியாவில் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது. தம்பருக்கு அதே கடை, அதே கதை. மற்றப் புதினமெல்லாம் பிறகு.

போன ஞாயிறு நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. "நீ அனுப்பின ஒலிவ் எண்ணெய் பழுதாய்ப் போச்சடா, கசக்குது, தொண்டையைப் பிடிக்குது, சாமி விளக்குக்கு ஊத்திப்போட்டன். போன வருசம் அனுப்பினது மாதிரி ஒரு ரின் அனுப்பு" என்றாய். பஸ்ஸில் நின்றபடி சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். மச்சான், நீ விளக்குக்கு ஊற்றியதுதான் நல்ல எண்ணெய். போன வருடம் நீ புகழ்ந்தது கள்ள எண்ணெய். அதை உனக்கு அனுப்பியவன் நான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பராமரிக்கிற சின்யோரா அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னை மூன்றாம் முறையும் பாஸ்தா சாப்பிட வைத்தவர். அவருக்குக் காஸ்தெல்வெத்ரானோப் பக்கம் கொஞ்ச ஒலிவ் மரம் இருக்கிறது, நொச்செல்லாரா இனம். ஐப்பசியில் பிடுங்கப் போனேன். மரத்தடியில் வலை விரித்து, கையாலும் சின்ன வாரியாலும் உருவி விழுத்தவேண்டும். காய் கறுக்கும்வரை விடுவதில்லை. பச்சை மாறத் தொடங்கும்போதே பறித்தால் எண்ணெய் குறையும், ஆனால் மணமும் காரமும் கூடும். பறித்ததை அன்றிரவே மில்லுக்குக் கொண்டுபோனோம். சாக்கில் கட்டி நாலு நாள் போட்டால் காய் உள்ளுக்குள் சூடேறிப் புளித்துவிடும். அந்த வாடை எண்ணெயில் ஏறினால் பிறகு போகாது. அந்தக் குறைக்கு இங்கே ‘ரிஸ்கால்தோ’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மில்லில் கொட்டையோடு அரைத்து, அந்தக் களியை 27 பாகைக்கு மேல் போகவிடாமல் மெதுவாகக் கிண்டி, சுழற்றி எண்ணெயைப் பிரிக்கிறார்கள். எங்கள் முறை வரச் சாமம் தாண்டிவிட்டது. 100 கிலோ காய்க்கு 14 கிலோ எண்ணெய். குழாய் வாயிலிருந்து அது விழுந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பச்சையாய், கலங்கலாய், தடிப்பாய் இறங்கியது. தக்காளி இலையைக் கசக்கி மூக்கில் வைத்தால் ஒரு மணம் வருமே, மில் முழுக்க அந்த மணம். மில்காரர் பாண் துண்டைச் சுட்டு, அதில் ஊற்றித் தந்தார். முதலில் புல் மாதிரி ஒரு பச்சைச் சுவை. பிறகு நாக்கில் கசப்பு. விழுங்கி இரண்டு எண்ணுவதற்குள் தொண்டையில் மிளகைக் கடித்த மாதிரி ஓர் எரிவு. இருமினேன். மனிதருக்குச் சந்தோசம், முதுகில் தட்டினார்.

அந்த எரிவைத்தான் நீ பழுது என்கிறாய். 1999இல் இதே சிசிலியில், எரிச்சே என்ற ஊரில், கேரி போசம்ப் என்ற அமெரிக்க விஞ்ஞானி புது எண்ணெயைச் சுவைத்திருக்கிறார். இபுப்ரோபென் என்ற வலி மருந்தைத் திரவமாகக் குடித்தபோது தொண்டையில் எரிந்த அதே இடத்தில் அதே எரிவு! அதற்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்து ஒலியோகாந்தல் என்று பெயர் வைத்து 2005இல் வெளியிட்டார்கள். வீக்கத்தைத் தணிக்கிற குணமும் அதற்கு இருக்கிறதாம். இதற்காக உன் மருந்துகளை நிறுத்திவிடாதே, டொக்டர் தந்ததை ஒழுங்காகப் போடு.

இனி மற்றதைச் சொல்லவேண்டும். போன வருடம் ஆடியில், வீதியோரத்தில் வான் நிறுத்தி விற்றவனிடம் 5 லீற்றர் ரின் ஒன்று 25 யூரோப்படி இரண்டு வாங்கினேன். மில்லிலேயே லீற்றர் 10 யூரோ விற்கிறபோது அது எப்படி முடியும் என்று யோசிக்கவில்லை. ‘எக்ஸ்ட்ரா வேர்ஜின்’, அதாவது முதல்தரம் என்று பெரிதாக எழுதியிருந்தது. அறுவடை ஆண்டு இல்லை, மில்லின் பெயர் இல்லை. ஒரு ரின் உனக்கு வந்தது, ஒன்று எங்கள் குசினியில் இருந்தது. "மணமே இல்லை, வழவழவென்று நல்லாய் இருக்கு" என்று நீ சொன்னதும் நானும் பெருமைப்பட்டேன்.

இந்த முறை மில்லுக்குப் போகும்போது அதில் மிஞ்சியதை ஒரு போத்தலில் கொண்டுபோனேன். மில்காரர் சின்னக் கிளாஸில் ஊற்றி, மேலே ஒரு கையால் மூடி, கீழே மற்றக் கையால் சூடாக்கி, மணந்து பார்த்தார். "நீயே பார்" என்று நீட்டினார். பழைய கச்சான் வாடை, குணா. வாயில் விட்டால் வழுக்கல் மட்டும்தான், காரமுமில்லை, கசப்புமில்லை. எக்ஸ்ட்ரா வேர்ஜின் என்று எழுதுவதற்கு, எண்ணெயில் பிரிந்து தனியாக நிற்கிற கொழுப்பமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதோடு, பயிற்சி பெற்ற சுவைஞர் குழு ஒரு குறையும் காணக்கூடாது, காயின் மணத்தையும் உணரவேண்டும். சின்யோராவின் மருமகன் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை, அவர் கொண்டுபோய்ப் பார்த்தார். சூரியகாந்தி எண்ணெயில் நிறைய இருக்கிற லினோலெயிக் என்ற கொழுப்பமிலம் மொத்தக் கொழுப்பமிலத்தில் 50 சதவீதத்துக்கு மேல். ஒலிவ் எண்ணெயில் அது 21ஐத் தாண்டக்கூடாது. முக்கால்வாசிக்கு மேல் சூரியகாந்தியாகத்தான் இருக்கவேண்டும் என்றார்.

நிறத்துக்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? 2019இல் இத்தாலி, ஜேர்மன் பொலிஸார் 1,50,000 லீற்றர் பிடித்தார்கள். சூரியகாந்தி எண்ணெயில் பச்சையமும் பீற்றா கரோட்டினும் கலந்து ஒலிவ் எண்ணெய் ஆக்கியிருந்தார்கள். அதனால்தான் சுவைஞர்கள் நிறம் தெரியாத நீலக் கிளாஸில் வைத்துப் பார்க்கிறார்கள்.

சூரியகாந்தி நஞ்சில்லை, நீ பயப்பட வேண்டாம். ஆனால் 1981இல் ஸ்பெயினில் நடந்ததை வாசித்தபிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அனிலின் என்ற இரசாயனம் கலந்த தொழிற்சாலை ரேப்சீட் (கடுகு இன விதை) எண்ணெயைச் சமையலுக்கென்று 5 லீற்றர் பிளாஸ்டிக் கான்களில் வீதி வியாபாரிகள் மலிவாக விற்றார்கள். சுமார் 20,000 பேர் நோயாளியானார்கள், 300க்கு மேல் செத்தார்கள். வாங்கியதெல்லாம் என்னைப்போல மலிவு பார்த்த சனம். உனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபிறகு டொக்டர் சொல்லித்தான் நீ இந்த எண்ணெய்க்கு மாறினாய். ஒரு வருடமாக நான் தந்ததை நம்பிப் பாணில் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறாய். மன்னித்துக்கொள் மச்சான்.

இப்போது செய்யவேண்டியது. விளக்கடியில் இருக்கிற ரின்னை எடுத்துக் குசினியில் இருட்டான இடத்தில் வை, அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். குளிர்ப்பெட்டியில் வைத்து உறைகிறதா என்று பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது. ஒரு தேக்கரண்டியைக் கிளாஸில் விட்டு, கையால் சூடாக்கி, மணந்து, பல்லுக்கிடையால் காற்றை உறிஞ்சிக்கொண்டு விழுங்கு. அடுத்த நாள் சூடான பருப்பில் ஊற்றித் தங்கச்சிக்கும் கொடு, அந்தக் கசப்பு சோற்றோடு சேரும்போது வேறு சுவை. கொஞ்ச மாதத்தில் காரம் தானாகவே தணிந்துவிடும், அதற்குமுன் அனுபவி.

ஆகக் கீழ்த்தர ஒலிவ் எண்ணெய்க்கு இங்கே சட்டத்திலேயே பெயர் ‘லம்பாந்தே’, விளக்கில் எரிக்கிற எண்ணெய் என்று அர்த்தம். போன வருட ரின்னில் மிச்சம் கிடந்தால் அதைச் சாமிக்கு எரி. சிவா மார்கழியில் லண்டன் வருகிறான், அவனிடம் இன்னொரு 3 லீற்றர் தந்துவிடுகிறேன்.

தொண்டை எரிந்ததும் வொட்ஸ்அப்பில் இருமி அனுப்பு. மில்காரருக்குப் போட்டுக் காட்டவேண்டும்.

உன்,
ரவி