வீடு திரும்பிய முதல் வாரத்தில் யார் பேசுவது? போதை மீட்பு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

போதை மீட்பு மையங்களை நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

மையத்தில் தங்கியிருக்கும்வரை தினமும் கவுன்சிலிங். டிஸ்சார்ஜ் ஆனதும் பல இடங்களில் அது மாதம் ஒரு முறை என்று சுருங்கிவிடுகிறது. போதைப்பொருள் கைக்கு எட்டாத இடத்தில் அத்தனை பேச்சு, எட்டும் இடத்துக்குப் போனதும் மௌனம். பழக்கம் திரும்பும் ஆபத்து முதல் சில வாரங்களில்தான் மிக அதிகம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஹெராயின் போன்றவற்றை விட்டவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையும்கூட. உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம்.

முதல் மூன்று மாதமாவது வாரம் ஒரு அமர்வு வையுங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை (CBT) பொதுவாக 12 முதல் 16 வாரம் வரை, வாரம் ஒன்றாக அமைவதற்குக் காரணம் உண்டு. ஆசை தலைதூக்கும்போது என்ன செய்வது என்று இங்கே பேசியதைச் சிகிச்சை பெறுபவர் வெளியே செய்து பார்க்கவேண்டும். எங்கே சறுக்கியது என்பது மறப்பதற்குள் திரும்பி வந்து சொல்லவேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் "பரவாயில்லைங்க" என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். நிலைமை மோசமாக இருப்பவருக்கு வாரம் ஒன்றும் போதாது. அமெரிக்காவில் தீவிரப் புறநோயாளிச் சிகிச்சை, அதாவது வீட்டில் இருந்தபடி வந்துபோய்ப் பெறும் தீவிரச் சிகிச்சை என்றால் பெரியவர்களுக்கு வாரம் 9 மணி நேரமாவது இருக்கவேண்டும்.

அதற்காக எல்லோருக்கும் அமர்வுகளை அடுக்கச் சொல்லவில்லை. 1997-இல் முடிவுகள் வெளியான ப்ராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய ஆய்வில், குடிநோயாளிகளில் சிலருக்கு 12 வாரத்தில் நான்கே அமர்வுகள், மற்றவர்களுக்கு வாரம் ஒன்று. இரு தரப்பினருக்கும் கிடைத்த பலனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தூக்கம், வேலை, வீட்டுச் சூழல் எல்லாம் நிலைப்பட்ட பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று குறைக்கலாம்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. மறுபடி எடுத்துவிட்டார் என்பதற்காக ஒருவரைச் சிகிச்சையிலிருந்தே நீக்குவது. அமர்வுகளைக் கூட்டவேண்டிய நேரம் அல்லவா அது! கவுன்சிலிங்குக்கு வரவில்லை என்று, ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்குத் தரும் புப்ரெனார்ஃபின், மெத்தடோன் மருந்தை நிறுத்துவதையும் தயவுசெய்து கைவிடுங்கள். அமர்வுக்கு வராதவரையும் அந்த மருந்து உயிரோடு வைத்திருக்கும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த அமர்வின் தேதியை எழுதிக் கொடுங்கள். அது ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். அன்று அவர் வராவிட்டால், அன்றைக்கே ஒரு போன் செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு போதை மீட்பு ஆலோசகர்