இலங்கை டூர்: வர்றவங்க கவனத்துக்கு

மக்களே, சிகிரியா பாறைக் கோட்டைக்குக் காலை ஏழு மணிக்கே போயிடணும். சுமார் 1,200 படி. வெயில் ஏறிட்டா பாறை தோசைக்கல் மாதிரி சுடும். மேல குளவிக் கூடு இருக்கு, கத்திக் கும்மாளம் போடாதீங்க (அக்கவுண்ட்ஸ் டீமுக்குத்தான் சொல்றேன்).

மதியம் மின்னேரியா தேசியப் பூங்கா. ஆகஸ்ட்ல குளத்துத் தண்ணி வத்தி, கரையெல்லாம் புது புல்லு முளைச்சிருக்கும். அதை மேயத்தான் யானைங்க குட்டிகளோட கூட்டம் கூட்டமா வரும். வெயில் தாழ்ந்தாதான் காட்டுக்குள்ளேருந்து இறங்கும், அதனால ஜீப் மூணு மணிக்கு.

கண்டி தலதா மாளிகையில (புத்தரோட பல்லை வச்சிருக்கற கோயில்) முட்டியும் தோளும் மூடியிருக்கணும். ஷார்ட்ஸோட வந்தா வாசலோட சரி. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி கூடவே கூடாது. அங்க அது பெரிய அவமரியாதை.

நாலு பேர் இன்னும் பாஸ்போர்ட் காப்பி தரல. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தனியா அனுப்புங்க, குரூப்ல போடாதீங்க.