அந்த ஒப்பந்தத்தின் இன்னொரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

மனிதன் பிறவியிலேயே சுயநலக்காரன், பொதுவுடைமை ஒருநாளும் நடவாது என்று சொல்பவர்கள் சீனாவின் சியாவ்காங் கிராமத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அன்ஹுய் மாகாணத்துச் சிற்றூர் அது. 1978 இறுதியில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடி, எல்லோரும் கூட்டாக உழுத பொது நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வதென ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள்; அன்று அது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். அடுத்த ஆண்டே விளைச்சல் பல மடங்கானது. மறுக்கவில்லை. எவ்வளவு பாடுபட்டாலும் தன் வீட்டு அடுப்புக்கு என்ன வரும் என்று தெரியாதவன் எதற்காக முதுகொடிய உழைப்பான்?

ஆனால் அதே தாளில் இன்னொரு வாக்கும் இருக்கிறது. இது பலிக்காமல் ஊர்ப் பொறுப்பாளர்கள் சிறைக்குப் போனால், அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பார்கள்! 1959 முதல் 1961 வரையிலான பெரும் பஞ்சத்தில் சொந்தங்களைப் பறிகொடுத்த ஊர் அது. தன் பிள்ளைக்கே சோறு நிச்சயமில்லாதவர்கள் கொடுத்த வாக்கு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அந்த ஊரில் தோற்றது பகிர்ந்து வாழும் மனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. எங்கோ இருந்த அதிகாரி, விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்கெழுதிக் கொள்முதல் கேட்டதும், எதிர்த்துப் பேச வழியில்லாததும்தான் தோற்றன. முகம் தெரிந்தவர்கள் தாமே கூடி முடிவெடுத்தபோது தனி நிலமும் கேட்டார்கள், அடுத்தவன் பிள்ளையையும் ஏற்றார்கள். சியாவ்காங்கை மேற்கோள் காட்டுவோர் இனி இரண்டையும் சேர்த்தே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்